யூடியூப் சொன்னால் போதுமா?

ஆசிரியருக்கு,

யாழ்ப்பாணத்தில் மென்பொருள் வகுப்புகள் பெருகுவது நல்லதுதான். ஆனால் அங்கே படிப்பிக்கும் முறைகள் உண்மையில் பலன் தருகின்றனவா என்று யாராவது கேட்கிறார்களா?

நான் ஒரு சிறிய நிறுவனத்தில் மென்பொருள் பரிசோதகர். நிரலை எழுதுவதற்கு முன்பே, அது சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கும் சோதனையை எழுத வேண்டும் என்று எங்கள் பெடியளில் பாதிப் பேர் சொல்வார்கள். மீதிப் பேருக்கு அது நேர விரயம். மதியச் சோறு ஆறும்வரை வாதம் நடக்கும், இரு தரப்புக்கும் ஆதாரம் யூடியூப்தான்!

இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். மைக்ரோசாப்டின் மூன்று அணிகளையும் ஐபிஎம்மின் ஓர் அணியையும் பற்றி 2008இல் ஆய்வொன்று வெளிவந்தது. ஒத்த வேறு திட்டங்களோடு ஒப்பிட்டால், சோதனையை முதலில் எழுதியவர்களின் வேலையில் பிழைகளின் அடர்த்தி, அதாவது குறிப்பிட்ட அளவு நிரலில் எத்தனை பிழை என்பது, 40 முதல் 90 சதவீதம் குறைவு. தொடக்க வேலைக்கோ 15 முதல் 35 சதவீதம் கூடுதல் நேரம், அதுவும் முகாமையாளர்களின் கணிப்புத்தான். சரி, நான்கே அணிகள், அதுவும் பெரிய கம்பனிகள். எங்களைப் போன்ற சிறிய இடத்துக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்லமாட்டேன்.

மருத்துவத்தில் போல இங்கும் சான்றுகளைத் தேடி எடைபோட்டு முடிவெடுக்க வேண்டும் என்று மென்பொருள் ஆய்வாளர் பார்பரா கிச்சன்ஹாமும் இரு சகாக்களும் 2004இலேயே எழுதிவிட்டார்கள்.

இங்குள்ள நிறுவனங்களிடம் பிழைப் பதிவுகள் சும்மா கிடக்கின்றன. வாடிக்கையாளர் விபரங்களை நீக்கிவிட்டு, யாழ். பல்கலைக்கழக மாணவர்களின் இறுதியாண்டு ஆய்வுக்குக் கொடுக்கலாமே. இன்னொரு கடை பில் மென்பொருள் செய்வதைவிட, எந்தப் பகுதியில் பிழை திரும்பத் திரும்ப வருகிறது, திருத்த எவ்வளவு நேரம் போகிறது என்று அவர்கள் எண்ணிப் பார்க்கட்டும். எங்கள் முதலாளியிடம் கேட்டிருக்கிறேன். யோசிக்கிறார்.

மென்பொருள் பரிசோதகர்,
திருநெல்வேலி, யாழ்ப்பாணம்