பிரிட்ஜ் துளை இல்லாமல் வரும் பேஸ் பாடிகள்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். இந்த முறை எங்களிடமிருந்து பேஸ் கிட்டார் பாடி வாங்கியவர்கள் பெட்டியைத் திறந்ததும் கேட்கப்போவது ஒன்றுதான்: "பிரிட்ஜுக்குத் துளை எங்கே?" பிரிட்ஜ் என்பது கம்பிகளின் கீழ்முனையைத் தாங்கி பாடியில் திருகப்படும் தகடு. அதற்குத் துளை இல்லை. தெரிந்தேதான் விட்டிருக்கிறோம். நெக் பாக்கெட் (கழுத்து உட்காரும் பள்ளம்), கம்பியின் அதிர்வை மின்குறியாக மாற்றும் பிக்கப்புக்கான குழிகள், வால்யூம் திருகுகளுக்கான கன்ட்ரோல் குழி எல்லாம் முன்போலவே வெட்டி வரும். பிரிட்ஜ் திருகுகளுக்கான ஐந்து துளைகளும், பிரிட்ஜுக்கு அடியிலிருந்து கன்ட்ரோல் குழிக்குப் போகும் எர்த் வயர் துளையும் மட்டும் இனி நீங்களே போட வேண்டும்.

முன்பெல்லாம் எங்கள் பாடியை வாங்குபவர்கள் எங்கள் நெக்கையே சேர்த்து வாங்குவார்கள். இரண்டும் ஒரே அளவுக்கு வெட்டியவை என்பதால் துளை எங்கே வரும் என்று எங்களுக்குத் தெரியும். இப்போது பழைய பேஸிலிருந்து கழற்றிய நெக், வேறு இடத்தில் வாங்கிய 35 அங்குல நெக், கை சின்னது என்பதற்காகத் தேடிப் பிடித்த 30 அங்குல நெக் என்று எல்லாமும் எங்கள் பாடியில் வந்து உட்காருகின்றன. நல்ல விஷயம்தான். வீட்டிலேயே பேஸ் கட்டுவதில் பாதி சுவாரஸ்யம் அந்தக் கலவையில்தான் இருக்கிறது. ஆனால் நாங்கள் முன்கூட்டிப் போட்டுத் தந்த துளை அப்போது உதவி அல்ல, தொல்லை.

ஃபெண்டர் நிறுவனம் 1951-ல் பிரிசிஷன் பேஸைக் கொண்டுவந்தபோது வைத்த 34 அங்குல ஸ்கேல் நீளம்தான் (கம்பி அதிரும் நீளம்; நெக்கை அங்குலத்தில் சொல்லும்போது இதைத்தான் சொல்கிறோம்), அதாவது 863.6 மி.மீ., இன்றும் பெரும்பாலான பேஸ்களின் அளவு. அதோடு அந்த நெக் அடிப்பகுதியின் இரண்டரை அங்குல அகலமும் பரவிவிட்டது. 1960-ல் வந்த ஜாஸ் பேஸின் நெக், நட் (தலைப்பக்கத்தில் கம்பிகள் உட்காரும் பள்ளத்துண்டு) பக்கம் மெலிந்தது, ஏறக்குறைய 38 மி.மீ.தான், ஆனாலும் அடிப்பகுதி அதே அகலம். அதனால்தான் இதன் நெக்கை அதன் பாடியில் மாட்ட முடிகிறது. சிக்கலும் இங்கேதான். நெக் பாக்கெட்டில் கச்சிதமாக உட்கார்ந்துவிட்டால் எல்லாமே பொருந்திவிட்டது என்று மனசு நம்பிவிடுகிறது. பாக்கெட்டுக்குத் தெரிவது அகலம் மட்டும்தான். ஸ்கேல் நீளம் அதற்குத் தெரியாது.

ஒரு கணக்கு பாருங்கள். 20 ஃப்ரெட் (நெக்கின் மேல் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) கொண்ட நெக், கடைசி ஃப்ரெட் எந்த நெக்கிலும் பாடியின் மேல் ஒரே இடத்தில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 34 அங்குல நெக்கில் அந்த ஃப்ரெட்டிலிருந்து ஸேடிலுக்கு (பிரிட்ஜில் ஒவ்வொரு கம்பியும் உட்காரும், நகர்த்தக்கூடிய துண்டு) 272 மி.மீ. 30 அங்குல நெக்கில் 240 மி.மீ. ஆக பிரிட்ஜ் 32 மி.மீ. முன்னால் வர வேண்டும். 35 அங்குல நெக் என்றால் 8 மி.மீ. பின்னால் போக வேண்டும். ஸேடிலைத் திருகி நகர்த்திச் சரிசெய்துவிடலாம் என்று தோன்றும். ஸேடிலுக்கு இருக்கும் ஓட்டம் கம்பிக்குக் கம்பி வரும் சின்ன வித்தியாசத்துக்கானது. இந்த அளவு தூரத்துக்கு அது போதாது.

ஐந்து மி.மீ. பிசகினால் என்ன ஆகிவிடும் என்றும் சிலர் கேட்கிறார்கள். ஸேடில் இருக்க வேண்டிய இடத்தைவிட 5 மி.மீ. பின்னால் இருந்தால், திறந்த கம்பியைச் சரியாகச் சுருதி சேர்த்தாலும் 12-ஆம் ஃப்ரெட்டில் அழுத்தும் ஸ்வரம் ஏறக்குறைய 10 சென்ட் தாழ்ந்து கேட்கும். அதாவது அரை ஸ்வரத்தில் பத்தில் ஒரு பங்கு. தனியாக வாசிக்கும்போது தெரியாமல் போகலாம். கீபோர்டோடு சேர்ந்து வாசித்தால் எரிச்சலாக இருக்கும்.

சரி, துளையை எங்கே போடுவது?

முதலில் நெக்கை நான்கு திருகுகளும் இறுகும்படி பாடியில் பூட்டுங்கள். பாக்கெட்டில் சும்மா வைத்து அளந்தால் ஒரு மி.மீ. ஏமாற்றும். நட்டின் முன்விளிம்பிலிருந்து, அதாவது ஃப்ரெட் போர்டைப் பார்த்த விளிம்பிலிருந்து, 12-ஆம் ஃப்ரெட்டின் உச்சி வரை அளந்து இரண்டால் பெருக்குங்கள். பெருக்கும் முன் 431.8 மி.மீ. வந்தால் 34 அங்குல நெக். விற்றவர் சொன்ன அளவை நம்ப வேண்டாம். எங்கள் நெக்காக இருந்தாலும் அளந்துதான் பாருங்கள். நட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு ஸீரோ ஃப்ரெட் இருந்தால் அங்கிருந்து அளக்க வேண்டும்.

பாடியின் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டி, நட்டிலிருந்து முழு ஸ்கேல் நீளத்தில் குறுக்கே ஒரு கோடு போடுங்கள். மிக மெல்லியதான ஜி கம்பியின் ஸேடிலை, முன்பக்கம் மூன்று மி.மீ. போல ஓட்டம் மிச்சம் வைத்து, அதன் உச்சி இந்தக் கோட்டில் வரும்படி பிரிட்ஜை வையுங்கள். மற்ற ஸேடில்கள் எல்லாம் இந்தக் கோட்டுக்குப் பின்னால்தான் போகும், முன்னால் வராது. கம்பியை ஃப்ரெட்டில் அழுத்தும்போது அது கொஞ்சம் இழுபட்டு ஸ்வரம் ஏறிவிடுகிறது. தடித்த கம்பியில் விறைப்பும் சேர்ந்துகொள்கிறது. அதை ஈடுகட்டத்தான் ஸேடில் பின்னால் நகர்கிறது. ஜி கம்பிக்கு ஒன்றிரண்டு மி.மீ. போதும், இ கம்பிக்கு ஐந்துக்கு மேலும் போகலாம். எனவே பின்பக்க ஓட்டம் தாராளமாக இருக்க வேண்டும்.

இனி பக்கவாட்டு நேர். இதைத்தான் பலர் அவசரத்தில் விட்டுவிடுகிறார்கள். வெளிப்பக்கத்து இரண்டு கம்பிகளின் இடத்தில் மெல்லிய நூலை நட்டிலிருந்து பிரிட்ஜ் வரை இழுத்துக் கட்டுங்கள். கடைசி ஃப்ரெட் அருகே, இரண்டு நூலும் போர்டின் ஓரத்திலிருந்து ஒரே தூரத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். பாடியின் நடுக்கோட்டை வைத்து பிரிட்ஜை நேர்ப்படுத்தாதீர்கள். பாக்கெட்டில் நெக் இம்மியளவு திரும்பியிருந்தாலும் அந்தக் கோடு பொய் சொல்லும். நெக்கை வைத்தே நேர்ப்படுத்த வேண்டும். நூல்கள் பிக்கப்பின் காந்தங்களுக்கு மேலே போகின்றனவா என்றும் இப்போதே பார்த்துவிடலாம். பல பிரிட்ஜ்களில் கம்பிக்குக் கம்பி இடைவெளி 19 மி.மீ.; பிக்கப்பும் அதற்கு ஒத்ததாக இருக்க வேண்டும்.

துளையிட எடுக்கும் டிரில் பிட், திருகின் மரையை விட்டுவிட்டு நடுத்தண்டின் தடிமனுக்கு இருக்கட்டும். ஆழம் தெரிய பிட்டின் மேல் ஒரு துண்டு டேப் சுற்றிக்கொள்ளுங்கள். பாடியின் தடிமன் ஏறக்குறைய 45 மி.மீ. என்பதால் பின்பக்கம் வெளியே வந்துவிடும் பயம் இல்லை. ஆனால் ஆழம் குறைந்தால் திருகு முறிந்துபோகும், அதை வெளியே எடுப்பது பெரும்பாடு. திருகில் மெழுகு தடவுங்கள். சோப்பு வேண்டாம், ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். எர்த் வயருக்கு நீளமான பிட் ஒன்றால் பிரிட்ஜ் தகட்டுக்கு அடியிலிருந்து சாய்வாக கன்ட்ரோல் குழிக்குள் துளையிட்டால் போதும். அந்த வயரை மறந்தால் கம்பியைத் தொடும்போதும் இரைச்சல் அடங்காது.

இரட்டைப்பக்க டேப்பில் பிரிட்ஜை ஒட்டி, கம்பி ஏற்றிப் பார்த்துவிட்டுத் துளையிடலாமா என்று கேட்பவர்களுக்கு: வேண்டாம். 34 அங்குல பேஸில் நான்கு கம்பிகளும் சேர்ந்து 70 கிலோவுக்கு மேல் இழுக்கும். பிரிட்ஜ் பறந்து வந்து எங்கே அடிக்கும் என்று சொல்ல முடியாது.

30 அங்குல நெக் மாட்டுகிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. பிரிட்ஜ் முன்னால் வரும்போது பிக்கப் இருந்த இடத்திலேயே இருக்கிறது. ஸேடிலுக்கும் பிக்கப்புக்கும் இடையே தூரம் குறைவதால் ஒலி மெலிந்து கூர்மையாகும். ஜாஸ் வகைப் பாடியில் பின்பக்கப் பிக்கப்பிடம் இது நன்றாகவே தெரியும். எங்களைக் கேட்டால், சின்ன ஸ்கேலுக்கு பிக்கப் குழி வெட்டாத பாடியை வாங்கி நீங்களே குழி போட்டுக்கொள்வது மேல். கம்பியையும் மாற்றியாக வேண்டும். அதே தடிமன் கம்பியை 34-லிருந்து 30-க்குக் கொண்டுவந்தால் இழுவிசை ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்து தொளதொளவென்று ஆகிவிடும். ஐந்து கம்பி பேஸ்களில் 35 அங்குல நெக்கை விரும்புவதற்கும் இதே காரணம்தான்: 30.9 ஹெர்ட்ஸில் அதிரும் பி கம்பிக்குக் கொஞ்சம் கூடுதல் இறுக்கம் கிடைக்கிறது.

பிக்கப் பற்றி எழுதும்போதே இதையும் சொல்லிவிடுகிறோம். ஜாஸ் பேஸின் இரண்டு பிக்கப்புகளும் ஒரே நீளம் அல்ல. நெக் பக்கத்தது ஏறக்குறைய 92 மி.மீ., பிரிட்ஜ் பக்கத்தது சுமார் 95 மி.மீ. ஆர்டரில் "ஜாஸ் பிக்கப் இரண்டு" என்று மட்டும் எழுதினால் எதை அனுப்புவது? குழியை அளந்து மி.மீ.யில் எழுதுங்கள். ஜோடியாக வாங்குவதே நல்லது. ஜோடியில் ஒன்றின் காந்தத் திசையும் கம்பிச்சுருளின் திசையும் மற்றதற்கு எதிராக இருப்பதால், இரண்டு வால்யூமையும் முழுதாகத் திறந்தால் மின் இரைச்சல் ஒன்றையொன்று கழித்துவிடும். இங்கொன்றும் அங்கொன்றுமாக வாங்கினால் அந்த வசதி கிடைப்பது அதிர்ஷ்டம்.

கனமான பிரிட்ஜ் போட்டால் ஒலி மாறுமா என்பது அடிக்கடி வரும் கேள்வி. நாங்களே அதை விற்கிறோம், இருந்தாலும் சொல்கிறோம்: ஒலிக்காக அதை வாங்காதீர்கள். ஸேடில் ஆடாமல் நிற்கும், அளவு வைக்க வசதி, அதுதான் பலன். ஒலி மாற வேண்டுமானால் முதலில் புதுக் கம்பி போட்டு நெக்கின் வளைவைச் சரிபாருங்கள். முதல் ஃப்ரெட்டில் காப்போ (கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கிளிப்) போட்டு, கடைசி ஃப்ரெட்டில் கம்பியை அழுத்திக்கொண்டு, 8-ஆம் ஃப்ரெட் அருகே இடைவெளி 0.3 மி.மீ. சுற்றி இருந்தால் போதும். நெக்கின் உள்ளே வளைவைச் சரிசெய்யும் தண்டான ட்ரஸ் ராடைக் கால் சுற்றுக்கு மேல் ஒரே மூச்சில் திருப்ப வேண்டாம். அப்புறம் பிக்கப்பின் உயரத்தைக் கொஞ்சம் மாற்றிப் பாருங்கள். இத்தனைக்கும் ஒரு ஸ்க்ரூடிரைவரும் அறுகோணச் சாவியும் போதும். எங்களுக்கு வியாபாரம் இல்லை, பரவாயில்லை.

ஃப்ரெட்களைப் பிடுங்கி ஃப்ரெட்லெஸ் ஆக்க நினைப்பவர்களுக்கும் புதிய பாடி சௌகரியம்தான். ஃப்ரெட் எடுத்த 1962-ஆம் ஆண்டு ஜாஸ் பேஸின் போர்டில் எபாக்சி பூசி வாசித்த அமெரிக்க பேஸ் கலைஞர் ஜேக்கோ பாஸ்டோரியஸைப் பார்த்து இந்த ஆசை வந்தவர்கள் நிறையப் பேர். ஃப்ரெட் போனதும் கம்பி உயரம் அதிகமாகத் தெரியும். நட்டின் பள்ளங்களை ஆழப்படுத்த வேண்டும், ஸேடிலை இறக்க வேண்டும். பிரிட்ஜின் இடத்தை மட்டும் ஃப்ரெட் இருக்கும்போதே அளந்து முடித்துவிடுங்கள். பிடுங்கிய பிறகு 12-ஆம் கோட்டின் நடுவைத் தேடுவது வீண் வேலை. ரோஸ்வுட் போர்டைத் தேய்க்கும்போது முகமூடி கட்டாயம். அந்தத் தூள் சிலருக்கு ஒவ்வாமை தரும்.

திரும்ப எடுத்துக்கொள்வது பற்றி: பாடியில் ஒரு திருகுகூட ஏறாமல் இருந்தால் மாற்றித் தருகிறோம். நெக்கை க்ளாம்ப் போட்டு பாக்கெட்டில் பிடித்துப் பார்ப்பதில் தடையில்லை. துளை விழுந்த பாடியை வாங்க முடியாது, வார்னிஷ் பூசியதையும்தான். எங்கள் நெக்கையும் பாடியையும் சேர்த்தே வாங்குபவர்கள் "துளையோடு அனுப்பவும்" என்று எழுதினால் பழையபடி போட்டே தருவோம். ஏற்கெனவே ஆர்டர் கொடுத்துக் காத்திருப்பவர்களுக்கும் கேட்ட மாதிரியே வரும்.

இனி பாடிக்கு எழுதும்போது மூன்று அளவு வேண்டும்: நட்டிலிருந்து 12-ஆம் ஃப்ரெட், நெக் அடிப்பகுதியின் அகலம், அதன் தடிமன். நெக்கின் அடிப்பக்கத்தைப் பக்கத்தில் அளவுகோலோடு படம் எடுத்து அனுப்பினால் இன்னும் நல்லது. படத்தை நேர் மேலிருந்து எடுங்கள். சாய்வாக எடுத்தால் அளவு தெரிவதில்லை.

அன்புடன்,
பட்டறையிலிருந்து