என்லார்ஜரை எடைக்குப் போடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற மாதம் ஈரோட்டில் ஒரு பழைய இரும்புக் கடை வாசலில் பிலிம் படங்களைப் பெரிதாக்கித் தாளில் பதிக்கும் என்லார்ஜர் ஒன்று கிடந்தது. விளக்குக் கூடு நசுங்கியிருந்தது. கம்பத்திலும் அடிப்பலகையிலும் ஒரு கீறல்கூட இல்லை. விலை கேட்கலாம் என்று நான் அருகில் போவதற்குள் கம்பத்தை இரண்டாக அறுத்துவிட்டார்கள். கரூர் வந்து சேரும்வரை பஸ்ஸில் யாரோடும் பேசப் பிடிக்கவில்லை. பழைய காசுகளைப் படம் எடுக்கக் கேமராவைத் தாங்க அந்தக் கம்பமும் பலகையும் போதும். அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் பஸ் பாடி கட்டும் பட்டறையில் 34 ஆண்டுகள் ஃபிட்டராக இருந்தவன். பழைய நாணயங்கள் சேர்ப்பது அதைவிட நீண்ட பழக்கம். அமராவதி ஆற்று மணலில் சேரர் காசுகளும் ரோமானியக் காசுகளும் கிடைத்த ஊரில் பிறந்தவனுக்கு அந்த ஆசை வராமல் இருக்குமா? என்னிடம் இருப்பவை அவ்வளவு பழையவை அல்ல. விக்டோரியா, ஜார்ஜ் மன்னர் காலத்து ரூபாய்கள். உறவினர் வீடுகளில் கொலுசு செய்யவும் அரைஞாண் செய்யவும் இந்த ரூபாய்களை உருக்கக் கொடுக்கிறார்கள். அவர்கள் வெள்ளி, அவர்கள் உரிமை. உருக்குவதற்கு முன் ஒருநாள் கொடுங்கள், இரண்டு பக்கமும் படம் எடுத்துக்கொண்டு தருகிறேன் என்று கேட்டு வாங்கி வருவேன்.

செல்போனைக் கையில் பிடித்து எடுத்தால் போதாதா என்று பலர் கேட்கிறார்கள். 1911ஆம் ஆண்டின் ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயைப் பாருங்கள். மன்னரின் அங்கியில் ஒரு சிறு யானை உண்டு. அது பன்றிபோல் தெரிகிறது என்று எதிர்ப்பு எழுந்ததால் 1912இல் உருவத்தைத் திருத்தி வெளியிட்டார்கள். காசின் குறுக்களவே 30.5 மில்லிமீட்டர்தான். அதில் அந்த யானை எவ்வளவு இருக்கும்! கை சற்று ஆடினாலே துதிக்கை கலைந்துவிடும். கேமரா ஒருபக்கம் சாய்ந்தால் வட்டக் காசு முட்டை வடிவில் விழும். ஓர் ஓரம் தெளிவாகவும் மறு ஓரம் மங்கலாகவும் இருக்கும்.

ஆகவே கேமராவைக் கீழ்நோக்கி அசையாமல் பிடிக்கும் காப்பி ஸ்டாண்டு வேண்டும். நான் முதலில் இணையத்தில் 2,800 ரூபாய்க்கு ஒன்று வாங்கினேன். கம்பம் சுண்டுவிரல் பருமன். லென்சோடு கேமராவை மாட்டித் திருகை எவ்வளவு இறுக்கினாலும், பத்து நிமிடத்தில் கேமராவைத் தாங்கும் கை மெல்லத் தாழ்ந்துவிடும். தெருவில் லாரி போனால் கம்பத்தின் நுனி நடுங்கும். இரும்போடு வாழ்ந்த நானே படத்தைப் பார்த்து ஏமாந்தேன் என்றால், புதிதாக வாங்கும் மாணவர்கள் என்ன செய்வார்கள்? வாங்குமுன் கம்பத்தின் நுனியை விரலால் தட்டிப் பாருங்கள். அதிர்வு உடனே அடங்க வேண்டும். அடிப்பலகை கனமாக இருக்க வேண்டும். காசுக்கு இரண்டடிக் கம்பம் தாராளம். மற்ற அலங்காரங்களுக்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

இவை எல்லாம் ஏற்கெனவே அமைந்த பொருள்தான் ஸ்டூடியோ என்லார்ஜர். பிலிம் காலத்தில் நெகட்டிவை மேலே வைத்து, அதன் ஒளியைக் கீழே உள்ள தாளில் விழச்செய்யும் கருவி அது. மேலிருப்பது கீழிருப்பதற்கு இணைமட்டமாக, ஆடாமல் ஏறி இறங்கும்படி செய்திருக்கிறார்கள். நமக்கும் வேண்டியது அதுதானே? தாராபுரத்தில் மூடிய ஒரு ஸ்டூடியோவில் 1,200 ரூபாய்க்கு வாங்கினேன். விளக்குள்ள தலையைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் ஒரு எல் வடிவ இரும்புத் தகட்டைப் பொருத்தினேன். சிலவற்றில் கம்பம் சாய்வாக இருக்கும்; கேமராவை உயர்த்தும்போது காசைச் சற்று நகர்த்தி வைத்தால் சரியாகிவிடும்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். கேமராவின் அடியில் இருப்பது கால் அங்குலத் திருகு, அங்குலத்துக்கு 20 மரை. கடையில் கேட்டால் 6 மில்லிமீட்டர் போல்ட்டை எடுத்துக் கொடுப்பார்கள். அது தளர்வாக உள்ளே போகும், பிடிக்காது. இறுக்கினால் மரை கெட்டுவிடும். கால் அங்குலம் என்று சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.

மட்டம் பார்க்க நான் ரசமட்டத்தைத்தான் நம்பியிருந்தேன். என் பேத்தி அதைவிட நல்ல வழி கண்டுபிடித்து வந்தாள். காசு வைக்கும் இடத்தில் ஒரு சிறு கண்ணாடியை வைத்து, கேமரா வழியாகப் பார்க்கச் சொன்னாள். லென்சின் பிம்பம் நடுவில் தெரிந்தால் கேமரா நேராக இருக்கிறது, விலகினால் சாய்ந்திருக்கிறது. பிறகு இரண்டு பக்கமும் வெண்ணெய்த்தாள் மறைத்த விளக்குகள், பொத்தானை அழுத்திய அதிர்வு அடங்கக் கேமராவில் இரண்டு விநாடித் தாமதம், அவ்வளவுதான்.

கரூர், ஈரோடு, திருப்பூர், கோபி வட்டாரங்களில் ஸ்டூடியோ வைத்திருந்தவர்களுக்கு என் வேண்டுகோள். பரணில் என்லார்ஜர் கிடந்தால் இரும்புக் கடைக்கு அனுப்பாதீர்கள். பக்கத்துப் பள்ளியின் வரலாற்று ஆசிரியரிடம் கொடுங்கள், அல்லது நாணயம் சேர்ப்பவர்களிடம் எடை விலைக்கே கொடுங்கள். கொடுக்கும்போது கம்பத்தை இறுக்கும் கைத்திருகையும் தேடி எடுத்துச் சேர்த்துக் கொடுங்கள். என்னுடையதில் அது இல்லாமல், லேத்தில் புதிதாகக் கடைய வேண்டியதாயிற்று.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஃபிட்டர் ஒருவர்,
வெங்கமேடு, கரூர்.