ஐந்தாவது கோப்பை

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய சஞ்சிகை சென்ற கிழமை தபாலில் வந்தது. உன் பெயர் அச்சாகியிருந்த பக்கத்தை விரித்து, சாமிப் படத்தடியில் வைத்துவிட்டாள் அம்மா. அங்கிருந்து எடுத்து மூன்று தரம் வாசித்தேன். பிறகு நீ விமர்சித்த சிறுகதை நூலையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு நாலாம் தரம் வாசித்தேன். அதை எழுதிய பிள்ளை தண்ணீரூற்றில்தான் இருக்கிறாள். தையல் மெஷினில் உழைத்த காசைச் சேர்த்து 300 பிரதி அச்சடித்தாள்.

இரக்கப்பட்டுப் பாராட்டியிருக்க வேண்டும் என்று சொல்ல வருகிறேன் என்று நினைத்துவிடாதே. போர் முடிந்த 2009க்குப் பிறகு இந்தப் பக்கத்தில் நடந்த எத்தனையோ நூல் வெளியீடுகளுக்குப் போய் முன்வரிசையில் இருந்திருக்கிறேன். விளக்கேற்றுவார்கள், வாழ்த்துரை சொல்வார்கள், முதற்பிரதி கொடுப்பார்கள். பேசுகிற எல்லாரும் “வலியின் பதிவு” என்பார்கள். ஒருவராவது ஒரு பக்கத்தைத் திறந்து, இந்த வரி நன்று, இந்த வரி பழுது என்று சொல்லிக் கேட்டதில்லை. இழந்தவர்கள் எழுதினால் குறை சொல்லக் கூடாதாம். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எழுதத் துணிந்து வந்தவளை இன்னமும் நிவாரண வரிசையில் நிற்பவளாகவே பார்க்கிறார்கள். கறாராகப் பேச ஓர் ஆள் வேண்டும் என்று நானே ஏங்கியிருக்கிறேன். அந்த ஆள் என் மகள் என்றதும் முதலில் பெருமைதான் பட்டேன்.

கடைசி மூன்று கதைகளும் மேடைப் பேச்சாக முடிகின்றன என்று எழுதியிருக்கிறாய். உண்மை. எல்லாக் கதையிலும் மழை பெய்கிறது என்கிறாய். அதுவும் உண்மை. ஆனால் இரண்டாம் பந்தியில் நீ எழுதியது: “ஒரு பக்கத்தில் ஐந்து கோப்பை, அடுத்த பக்கத்தில் நாலு கோப்பை. எண்ணத் தெரியாதவர்கள் கதை எழுத வந்தால் இப்படித்தான்.”

அந்தக் கதையைத் திரும்ப எடு, பிள்ளை. விடியற்காலையில் தாய் ஐந்து கோப்பையில் தேத்தண்ணீர் ஊற்றுகிறாள். பின்னேரம் நாலு கோப்பையைக் கழுவிக் கவிழ்க்கிறாள். நடுவில் ஒரு சின்ன வரி வருகிறது: ஜன்னல் கட்டில் ஆறிய தேத்தண்ணீரில் ஓர் எறும்பு மிதக்கிறது. ஐந்தாவது கோப்பை அதுதான். போர் முடிவில் சனங்கள் வட்டுவாகல் பாலம் கடந்த நாளுக்குப் பிறகு மூத்தவனைக் காணவில்லை என்று அவள் எங்குமே எழுதவில்லை. கோப்பைக் கணக்கில் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். 2017 மாசியில் கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் காணாமற்போன பிள்ளைகளின் படங்களோடு வந்து அமர்ந்த தாய்மாரிடம், பிள்ளைகள் எத்தனை பேர் என்று கேட்டிருந்தால் எந்தத் தாய் ஒன்றைக் குறைத்துச் சொல்லியிருப்பாள்? அந்த நூலிலேயே ஆகச் சிறந்த இடம் அது. அதைத்தான் நீ நக்கலடித்திருக்கிறாய்.

நான் முள்ளியவளையில் கோவலன் கூத்துப் பழகிய கதை உனக்குத் தெரியும். ஒருநாள் தாளம் பிசகியதும் கூத்துப் பழக்கிய அண்ணாவியார் மத்தளத்தை நிறுத்திவிட்டு, “உன் காலுக்குக் காது இல்லையா?” என்று அத்தனை பேர் முன்னாலும் கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. எல்லாரும் வீட்டுக்குப் போன பிறகு என்னை மட்டும் நிறுத்தி வைத்து, நடுச்சாமம் வரை அதே தாளத்தை எனக்காக அடித்துக்கொண்டிருந்தார். அவர் விரல் நுனி வெடித்திருந்ததை அரிக்கன் லாம்பு வெளிச்சத்தில் கண்டேன். அந்தக் கேள்வியை இன்றுவரை நான் வன்மமாக நினைக்காததற்கு அந்த விரல்கள்தான் காரணம். ஆனாலும் அவருடைய ஏச்சுத் தாங்காமல் பழக்கத்துக்கு வராமலே நின்றுவிட்ட ஒருவனும் இருக்கிறான். நல்ல குரல்காரன். செத்தவீடுகளில் அவன் சுண்ணம் பாடும்போது, கூத்துக் களரிக்கு வந்திருக்க வேண்டிய குரல் இது என்று நெஞ்சு கனக்கும். அண்ணாவியார் செய்தது எல்லாம் சரி என்று என்னால் சொல்ல முடியவில்லை.

1960களில் பேச்சுவழக்கில் எழுதியவர்களை “இழிசனர்” என்று தள்ளியவர்களும் இலக்கியத்தின் பெயரால்தான் அதைச் செய்தார்கள். அந்த எழுத்தாளர்களில் ஒருவரான டொமினிக் ஜீவா தாங்கிக்கொண்டு நின்று, 1966இல் மல்லிகை சஞ்சிகையையும் தொடங்கினார். அந்த நெஞ்சுரம் எல்லாருக்கும் வாய்க்காது.

சின்ன வயதில் நீ காதைப் பொத்திக்கொண்டு கேட்கும் கதை ஒன்று உண்டே, வில்லிபுத்தூரார் கதை. பிழைவிட்ட புலவர்களின் காதைக் குறடு போட்டு அறுப்பவர். அருணகிரிநாதரோடு போட்டிக்கு நின்று, அவர் பாடப் பாட உரை சொல்லிக்கொண்டே வந்து, கந்தரந்தாதியின் 54ஆம் பாட்டில் திகைத்து நின்றுவிடுவார். “இப்போது இவருடைய காதை அறுப்பார்களா அப்பா?” என்று ஒவ்வொரு முறையும் கேட்பாய். இல்லை, அருணகிரி அறுக்கவில்லை, இனி எவர் காதையும் அறுக்காதே என்று சொல்லி விட்டுவிட்டார் என்ற பிறகுதான் கையை எடுப்பாய். பிறர் பாட்டுக்கு உரை சொல்ல வந்தவருக்கே விளங்காத பாட்டு ஒன்று இருந்தது, மகள். அதை நான் உனக்கு அப்போது எடுத்துச் சொல்லவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அந்தப் பிள்ளை சைக்கிளில் வந்தாள். நீ எழுதியதை யாரோ படம் பிடித்து அவளுக்கு அனுப்பியிருக்கிறார்கள். எழுதியது என் மகள் என்று அவளுக்குத் தெரியும். அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மேடைப் பேச்சு முடிவுகளைப் பற்றி நானும் சொன்னேன். தலையாட்டிவிட்டுப் பேனையை எடுத்துக் குறித்துக்கொண்டாள். எழும்பிப் போகிற நேரத்தில்தான் கேட்டாள்: “சேர், கோப்பைக் கதையில் ‘மூத்த மகன் காணாமற்போன பிறகு’ என்று ஒரு வரி சேர்த்துவிடவா? வாசிப்பவர்களுக்கு விளங்கவில்லைப்போல் இருக்கிறது.”

எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது. வேண்டாம், ஓர் எழுத்தும் சேர்க்காதே என்றேன். அவள் நம்பவில்லை. நான் ஊர்க்காரன், வயதுபோனவன், ஆறுதலுக்குச் சொல்கிறேன் என்று நினைத்துவிட்டாள். நூல் அறிந்தவள், வெளிநாட்டில் இருப்பவள், முகம் பாராமல் பேசுபவள் நீ. நீ சொன்னால் நம்புவாள். உன் கறாருக்கு அவ்வளவு மதிப்பு இருக்கிறது, அதனால்தான் இந்தக் கடிதம்.

மேடைப் பேச்சு, மழை எல்லாவற்றையும் அப்படியே திரும்ப எழுது, ஒன்றையும் மென்மையாக்க வேண்டாம். கோப்பையைப் பற்றி நீ எழுதியது பிழை என்பதையும் அதே கறாரோடு எழுது. சஞ்சிகைக்கு எழுதுவது பிறகு இருக்கட்டும், முதலில் அவளுக்கு எழுது. நூலின் கடைசிப் பக்கத்தில் முகவரி இருக்கிறது.

இரண்டாம் பதிப்பைச் சித்திரை வருடப்பிறப்பு முடிந்ததும் அச்சகத்துக்குக் கொடுக்கப் போகிறாளாம். இன்னும் மூன்று கிழமை இருக்கிறது.

அன்புடன்,
அப்பா