கன்வர்ட்டர் பிளக்கில் அடுப்பு எரிக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கேஸ் செலவைக் குறைக்க இண்டக்‌ஷன் அடுப்புக்கு மாறச் சொல்லி சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். எந்தப் பாத்திரம் சரிப்படும், எதில் எவ்வளவு நேரம் கொதிக்கும் என்றெல்லாம் விவரமாக இருந்தது. அடுப்பை எதில் சொருகுவது என்பதற்கு மட்டும் ஒரு வரி இல்லை. முப்பது வருடம் வயரிங் வேலை பார்த்தவன், அதனால் எழுதுகிறேன்.

போன மாதம் ஒரு வீட்டில் கூப்பிட்டார்கள். மிக்ஸி போடும் 6 ஆம்பியர் சாக்கெட் கறுத்து உருகிக் கிடந்தது. அடுப்பு 2000 வாட். பெரிய பிளக்கைச் சின்ன சாக்கெட்டில் சொருக வைக்கும் கன்வர்ட்டரைக் கடையில் வாங்கி மாட்டி இரண்டு மாதமாகத் தோசை சுட்டிருக்கிறார்கள். "எம்சிபி விழவே இல்லையே அண்ணே" என்றார் அந்த அம்மா. கரண்ட் அளவு மீறினால் தானே அணையும் ஸ்விட்ச்தான் எம்சிபி. எப்படி விழும்? 230 வோல்ட்டில் 2000 வாட்டுக்கு சுமார் 8.7 ஆம்பியர்தான் ஓடும். அங்கே இருந்தது 10 ஆம்பியர் எம்சிபி. அதற்குக் கம்பியில் ஓடும் கரண்ட் தெரியுமே தவிர, பிளக் காலும் சாக்கெட்டும் தொடும் இடத்தில் ஏறுகிற சூடு தெரியாது. பிடி தளர்ந்தால் சூடு, சூட்டில் பிடி இன்னும் தளரும். கடைசியில் பிளாஸ்டிக் உருகும்.

16 ஆம்பியர் பிளக்கின் கால் தடிமனாக இருப்பதால் சின்ன சாக்கெட்டில் நுழையாது. அந்தத் தடையைத் தாண்டவும் ஒரு பொருளை விற்கிறார்கள், நாமும் வாங்குகிறோம்!

இன்னும் மோசம், எம்சிபி விழுகிறது என்று 10-ஐக் கழற்றி 20 போட்டுவிட்டுப் போவது. எம்சிபி காப்பது கம்பியை. சுவருக்குள் 1 ஸ்கொயர் எம்எம் கம்பியை வைத்துக்கொண்டு இந்த வேலை செய்தால் பைப்புக்குள்ளேயே இன்சுலேஷன் கருகும்.

ஒற்றை அடுப்புக்கு மெயின் போர்டிலிருந்து தனியாக 2.5 ஸ்கொயர் எம்எம் தாமிரக் கம்பி, 16 ஆம்பியர் எம்சிபி, அதே அளவு சாக்கெட் போதும். மேடையில் பதிக்கும் நாலு அடுப்பு ஹாப் என்றால் கதை வேறு. 7000 வாட் இருந்தால் 30 ஆம்பியர் தாண்டும். அதற்கு வீட்டு பிளக் எதுவும் சரிப்படாது. 6 ஸ்கொயர் எம்எம் கம்பியில் நேரடி இணைப்பு, மொத்த இணைப்பையும் துண்டிக்கத் தனி ஸ்விட்ச், அதாவது ஐசொலேட்டர். வாங்கும் முன்பே வீட்டு இணைப்புக்கு அனுமதித்த லோடு எவ்வளவு என்று பார்த்துவிட வேண்டும்.

அப்புறம் எர்த். அந்த வீட்டு சாக்கெட்டில் மேலே எர்த்துக்கான பெரிய துளை இருந்தது, பின்னால் எர்த் கம்பியே இல்லை. வாடகை வீடுகளில் இதை நிறையப் பார்த்திருக்கிறேன். ஸ்டீல் உடம்புள்ள ஓவனை ஈரக்கையால் தொடும் இடம் சமையலறை. எர்த்தும் வேண்டும், கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபியும் வேண்டும். ஒன்று இருக்கிறதே என்று இன்னொன்றை விடக் கூடாது.

அங்கே புது லைன் இழுக்க அரை நாள் ஆனது. கன்வர்ட்டரை மட்டும் கேட்டு வாங்கி என் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

இப்படிக்கு,
ஒரு வயர்மேன்,
கும்பகோணம்