ஜெர்மனி ஒப்பந்தத்தில் ஊரில் இருக்கும் அம்மாவையும் சேர்க்கச் சொல்லுங்கள்

அயலகத் தமிழர் நலன் மற்றும் மறுவாழ்வுத் துறை ஆணையர் அவர்களுக்கு,

பந்தலூரிலிருந்து வணக்கம்.

1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து வந்து, இங்கே அரசுத் தேயிலைத் தோட்டக் கழகமான டேன்டீயில் கொழுந்து பறித்தவர்களின் பேத்திகள் நர்சிங் முடித்துவிட்டு ஜெர்மனிக்குப் போகிறார்கள். தாயகம் திரும்பியவர்களும் அயலகம் போகிறவர்களும் உங்கள் துறையிலேயே வருவதால் உங்களுக்கு எழுதுகிறேன்.

என் அக்கா மகள் கிளம்பும்போது ஏஜென்ட் சொன்னது: "ரெண்டு நாட்டுக்கும் ஒப்பந்தம் இருக்கு, இன்சூரன்ஸ் எல்லாம் அதுல வந்துரும்." வராது. 2017 மே மாதம் நடைமுறைக்கு வந்த அந்தச் சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் முக்கியமாக ஓய்வூதியத்துக்கானது. அங்கே ஓய்வூதியப் பிடித்தம் வேண்டாம் என்று பி.எஃப். அலுவலகம் தரும் சான்றிதழும், இந்தியக் கம்பெனி தன் ஆளை அங்கே அனுப்பினால்தான் உதவும். ஜெர்மன் மருத்துவமனை நேரடியாக எடுக்கும் நர்ஸுக்கு அந்த நாட்டுச் சட்டம்தான். அவள் வாட்ஸ்ஆப்பில் அனுப்பிய சம்பளச் சீட்டில் நோய், நீண்டகாலப் பராமரிப்பு, ஓய்வூதியம், வேலையின்மை என்று நான்கு காப்பீட்டுப் பிடித்தம், அப்புறம் வரி. நோய்க் காப்பீட்டுக்கு மட்டும் சம்பளத்தில் 14.6 சதவீதம், அதற்கு மேல் கொஞ்சம் கூடுதல். பாதியை முதலாளி கட்டுகிறார். நல்ல ஏற்பாடுதான். வருமானமில்லாத கணவனும் பிள்ளைகளும் அங்கே போய்ச் சேர்ந்தால் தனியாகப் பணம் கட்ட வேண்டியதில்லை.

சரி, பந்தலூரில் இருக்கும் அம்மா? ஓய்வு பெற்றதோடு அக்காவுக்கு எஸ்டேட் ஆஸ்பத்திரி இல்லை. பெரிய வைத்தியம் என்றால் ஊட்டி, இல்லாவிட்டால் கேரள எல்லை தாண்டி சுல்தான் பத்தேரி. முதல்வரின் காப்பீட்டுத் திட்டத்துக்குக் குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். "மகள் ஜெர்மனியில இருக்காளாமே" என்று வருமானச் சான்றை இழுத்தடிக்கிறார்கள்.

அதே 1964-இல் ஜெர்மனி துருக்கியோடும் ஓர் ஒப்பந்தம் போட்டது. ஜெர்மனியில் உழைப்பவரின் குடும்பம் துருக்கியிலேயே இருந்தாலும், பெற்றோர் உட்பட, அங்கேயே சிகிச்சை பெறலாம். செலவு ஜெர்மன் காப்பீட்டின் கணக்கில். அன்று துருக்கிக்குக் கொடுத்ததை இன்று நம் நர்ஸுகளுக்குக் கேட்பதில் என்ன தயக்கம்? ஆள் பற்றாக்குறை அவர்களுக்குத்தானே.

ஒப்பந்தத்தைத் திருத்துவது டெல்லியின் வேலை, தெரியும். ஆனால் வெளியுறவு அமைச்சகத்துக்குக் கடிதம் எழுதுவது உங்களால் முடியும். அதுவரை, பயணத்துக்கு முந்தைய பயிற்சியில் எது உண்டு, எது இல்லை என்று தமிழில் ஒரு பக்கம் அச்சடித்துக் கொடுங்கள். மகள் சம்பாதிக்கிறாள் என்பதற்காகத் தனியே இருக்கும் பெற்றோரின் வருமானச் சான்றை மறுக்கலாமா கூடாதா என்று வட்டாட்சியர்களுக்கும் எழுத்தில் தெளிவுபடுத்தச் சொல்லுங்கள். எங்கள் லைன் வீடுகளில் இன்னும் சில பெண்கள் விசாவுக்குக் காத்திருக்கிறார்கள். அவர்கள் கிளம்புமுன் பதில் வந்தால் நல்லது.

இப்படிக்கு,
தாயகம் திரும்பிய குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர்,
பந்தலூர், நீலகிரி