பார்ட் ஸ்டார் விருதுக்கு வாக்களிக்கும் என்.எஃப்.எல். வீரர்களுக்கு

அன்புள்ள வீரர்களே,

தமிழில் எழுதிய மடலை உங்களில் யாரும் படிக்கப்போவதில்லை என்று தெரியும். ராத்திரி விழித்திருந்து உங்கள் அமெரிக்கக் கால்பந்தாட்டத்தைப் பார்க்கும் நம் ஆட்கள் சிலராவது படிப்பார்கள் என்றுதான் எழுதுகிறேன்.

உங்கள் லீகின் இறுதிப் போட்டியான சூப்பர் பௌலுக்கு முந்தின நாள் காலை விருந்தில், அத்லெட்ஸ் இன் ஆக்‌ஷன் என்ற கிறிஸ்தவ அமைப்பு 1989 முதல் ஒரு விருது கொடுத்துவருகிறது. வீட்டிலும் களத்திலும் ஊரிலும் நல்ல குணத்தோடு நடந்துகொள்பவருக்கு. ஆளைத் தேர்ந்தெடுப்பது உங்கள் வாக்கு. கிரீன் பே பேக்கர்ஸ் அணியின் குவார்ட்டர்பேக், அதாவது களத்தில் ஆட்டத்தை நடத்துகிறவர், பார்ட் ஸ்டாரின் பெயர் அதற்கு. அவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் ஐந்து சாம்பியன் பட்டத்தில் ஆரம்பித்து ‘ஐஸ் பௌல்’ ஆட்டத்தில் வந்து முடித்துவிடுகிறார்கள்.

அதையும் குறை சொல்ல முடியாது, அப்படி ஓர் ஆட்டம். 1967 டிசம்பர் 31, பேக்கர்ஸின் லாம்போ மைதானம், மைனஸ் 25 டிகிரி செல்சியஸ். நடுவரின் விசில் உதட்டில் ஒட்டிக்கொண்ட குளிர். டல்லஸ் 17, பேக்கர்ஸ் 14. மிச்சம் 16 விநாடி, பந்தைக் கடத்த வேண்டிய கோல் கோட்டுக்கு ஒரு கெஜம். தரை பனிக்கட்டியாய்க் கிடக்க, பந்தோடு ஓடுகிறவர்களுக்குக் கால் நிற்கவில்லை. கடைசி டைம் அவுட்டில் ஸ்டார் பயிற்சியாளர் லொம்பார்டியிடம் போய், ‘நானே கொண்டுபோகிறேன்’ என்கிறார். சக வீரர்களிடம் அதைச் சொல்லவில்லை. பந்து தனக்கு வரும் என்று சக வீரர் சக் மெர்சீன் ஓடிவர, இன்னொரு சக வீரர் ஜெர்ரி கிரேமர் திறந்துவிட்ட இடுக்கில் ஸ்டார் தானே பாய்ந்து ஆட்டத்தை ஜெயித்துவிட்டார். அந்தக் கணத்தில் எடுத்த புகைப்படத்தில் மெர்சீன் இரண்டு கையையும் தூக்கியிருப்பார். கொண்டாடுகிறார் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அவரோ ‘நான் பின்னாலிருந்து தள்ளவில்லை’ என்று நடுவருக்குக் காட்டுகிறாராம்!

சரி, எனக்கு இதைவிடப் பெரிதாகப் படுவது வேறு. ஒருநாள் பயிற்சியில் எல்லார் முன்னாலும் லொம்பார்டி அவரைத் திட்டித் தீர்த்தார். ஸ்டார் அங்கே வாயைத் திறக்கவில்லை. அப்புறம் அறைக்குப் போய், ‘இந்த அணியை நான் நடத்த வேண்டுமென்றால் அவர்கள் முன்னால் என்னைத் திட்டாதீர்கள், திட்டுவதை இங்கே வைத்துக்கொள்ளுங்கள்’ என்றார். லொம்பார்டி அதன்பின் பிறர் முன்னால் அவரைத் திட்டியதில்லை. அணிகள் புது வீரர்களை எடுக்கும் 1956 தேர்வில் 17ஆம் சுற்றில், 200ஆவது ஆளாக எடுக்கப்பட்டவர் பேசிய பேச்சு இது.

விசுவாசத்தையும் அவர் சத்தம் போட்டுக் காட்டவில்லை. இரண்டாவது சூப்பர் பௌலின் சிறந்த வீரருக்குப் பரிசாக வந்த கார்வெட் காரை, விஸ்கான்சினில் வழிதவறிய பையன்களுக்காக நடந்த ராஹைட் என்ற கிறிஸ்தவப் பண்ணைக்கு நிதி திரட்டக் கொடுத்துவிட்டார்.

மேடையில் யாரும் பேசாத பகுதி ஒன்று இருக்கிறது. 1975 முதல் 1983 வரை அதே பேக்கர்ஸுக்கு அவர் பயிற்சியாளர். 52 வெற்றி, 76 தோல்வி, மூன்று சமன். கடைசியில் வேலையை விட்டு நீக்கினார்கள். 1988இல் மகன் பிரெட் போதைப்பொருளுக்குப் பலியானார், வயது 24. அதற்கு அடுத்த வருடம்தான் இந்த விருது ஆரம்பமாகிறது. ‘வீட்டிலும்’ என்ற சொல்லுக்கு மேல் அவர் பெயர் இருக்கிறது. அந்த வீட்டில் என்ன நடந்தது என்பது தெரிந்துதான் வைத்திருப்பார்கள்.

அதனால் ஒன்றே ஒன்று கேட்கிறேன். வாக்குச் சீட்டை எடுக்கும்போது ஜெயித்த கணக்கைப் பார்க்காதீர்கள். மைக் முன்னால் ஆண்டவர் பெயரைச் சொன்ன தடவைகளையும் எண்ண வேண்டாம். தொடர்ந்து தோற்ற வருடத்தில் உடைமாற்றும் அறையில் அந்த ஆள் எப்படி இருந்தார், உங்களுக்கே தெரியும். எங்களுக்குத் தெரிய வழியில்லை. பெஞ்சிலேயே உட்கார்ந்திருக்கும் மூன்றாம் நிலை ஆள் என்றாலும் பரவாயில்லை.

பக்கவாதத்தில் விழுந்து எழுந்த ஸ்டார், 2015 நவம்பர் 26 அன்று லாம்போவுக்கு வந்தார். பின்னாளில் பேக்கர்ஸின் குவார்ட்டர்பேக்காக இருந்த பிரெட் ஃபார்வைக் கௌரவிக்கும் இரவு. மழை. சின்ன வண்டியில் உட்கார்ந்தபடி வந்தவரை ஃபார்வ் குனிந்து அணைத்துக்கொண்டார். கிரீன் பே அன்று தோற்றது.

அன்புடன்,
தூரத்து ரசிகன் ஒருவன்