அம்மாச்சி படத்துக்குத் தங்க ரேக்கு: மருமகளுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மருமகளே,

அம்மாச்சியின் கறுப்பு வெள்ளைப் படத்தைப் பெரிதாக்கித் தங்க ரேக்கு, அதாவது மெல்லிய தங்கத் தகடு, ஒட்டப் போவதாக எழுதியிருந்தாய். தாராளமாகச் செய். தஞ்சாவூர்ப் படம் போடுகிறவன் என்று என்னிடம் கேட்டுவிட்டாய், அதனால் இரண்டொரு இடத்தில் கையைப் பிடித்து நிறுத்தவும் செய்வேன்.

புகைப்படத்தோடு வேறு வேலைப்பாடு சேர்ப்பது புதுசில்லை. ராஜஸ்தானின் நாத்துவாராவில் பக்தர்களின் முகத்தைப் புகைப்படத்திலிருந்து கத்தரித்து ஒட்டி, மற்றதையெல்லாம் தூரிகையால் எழுதினார்கள். அமெரிக்காவில் எட்வர்ட் கர்ட்டிஸ் என்ற புகைப்படக்காரர் கண்ணாடியில் படம் அச்சிட்டுப் பின்பக்கம் பொன்னிறப் பொடி பூசினார். செட்டிநாட்டு வீடுகளில் ஜரிகையும் சம்கியும் வைத்த ரவிவர்மா படங்களை நீயே பார்த்திருப்பாய்.

முதலில் முகம். அங்கே ரேக்கு படக்கூடாது. புகைப்படத்தில் கன்னத்துக்கு ஒரு திரட்சி வருவதே சாம்பல் நிறத்தின் ஏற்ற இறக்கத்தால்தான். தங்கத்துக்கு அந்த நடுநிறங்கள் கிடையாது. நேரே விளக்குப் பட்டால் பளீரென்று எரியும், நாலடி தள்ளி நின்றால் பழுப்பாக இருண்டுவிடும். கிருஷ்ணர் படத்தில்கூட முகத்துக்கு நாங்கள் வண்ணம்தான் வைக்கிறோம். சுண்ணப்பொடியும் பசையும் குழைத்த மக்கு வைத்து மேடாக எழுப்பி ரேக்கு ஒட்டுவதெல்லாம் நகை, கிரீடம், தூண், வளைவுகளுக்கு.

கழுத்தில் காசுமாலை போடலாமா என்று கேட்டாயே, எனக்கு ஒப்பவில்லை. பழைய ஸ்டூடியோக்காரர்கள் இல்லாத சங்கிலியைத் தூரிகையால் மாட்டிக் கொடுப்பார்கள், பார்த்தவுடன் தெரிந்துவிடும். என் அம்மா கழுத்தில் கிடந்தது மஞ்சள் கயிறு. தங்கம் என்று இருந்தது மூக்குத்தி ஒன்றுதான். அதற்கு மட்டும் கடுகளவு மக்கு வைத்து எழுப்பு. மீதித் தங்கத்தைப் பின்னணிக்குக் கொடுத்துவிடு. அந்தப் பழைய ஸ்டூடியோ திரையும் பூந்தொட்டியும் மறைந்தால் நஷ்டம் ஒன்றுமில்லை.

பளபளப்புத் தாளில் அச்செடுக்காதே. அமிலமில்லாத பருத்தித் தாளில், பிக்மென்ட் மை, அதாவது நிறப்பொடி கலந்த மை, போடும் இடமாகப் பார்த்துக் கொடு. சாய மை சீக்கிரம் வெளுக்கும். தங்கம் அப்படியே இருக்க, அம்மா மட்டும் மங்கிப் போவாள்.

ரேக்கு வைக்கும்போது மின்விசிறியை நிறுத்திவிடு, பேச்சையும் சேர்த்து. ஆளின் ஓரத்தை மெல்லிய தாளால் மூடிவிட்டுப் பசையைப் பூசு. நீர்ப்பசை பூசியவுடன் பால் மாதிரி இருக்கும். அது தெளிந்ததும் விரல் முட்டியால் தொட்டுப் பார்; ஈரம் ஒட்டாமல் லேசாக இழுத்தால் அதுதான் பதம். அவசரப்பட்டால் ரேக்கு பசையில் முங்கி மினுக்கம் போய்விடும், காயவிட்டால் ஒட்டாது. ஒன்றன்மேல் ஒன்று சிறிது ஏறும்படி படுக்கவைத்து, மென்மையான தூரிகையால் தட்டு. நன்றாகக் காய்ந்தபின் உதிரியைத் துடைத்தெடு.

ஒத்திகைக்குப் பித்தளை ரேக்கு போதும். காற்றுப் பட்டால் கறுக்கும் என்பதால் வார்னிஷ் இல்லாமல் வைக்க முடியாது. அசல் படத்துக்கு 22 காரட்டே வாங்கு. விலையைப் பற்றி யோசிக்காதே, பாதியை நான் தருகிறேன்.

சட்டம் போடும்போது கண்ணாடி ரேக்கில் படாமல் இடைவெளி விடச் சொல். ரேக்கு வைக்குமுன் மாதிரி அச்சை எனக்கு அனுப்பு. மூக்குத்தி எந்தப் பக்கம் என்று உன் அம்மாவிடமும் கேட்டுக்கொள். அந்த ஸ்டூடியோவில் நெகட்டிவைத் திருப்பிப் போட்டு அச்சடித்தார்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

அன்புடன்,
மாமா